மைல் விருத்தி மாத்திரை

"பதினாலு!"

எத்திராஜ முதலியார் கார்க் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருந்த எண்ணை ஒருமுறை பார்த்தார். தசரதனை ஒருமுறை பார்த்தார். இருவரும் ஒரே குற்றத்தில் கூட்டாளிகள் என்று முடிவு கட்டியவர்போல மறுபடியும் கத்தினார்.

"ஒரு கேலனுக்குப் பதினாலு மைல்டா! போன வருஷம் இதே வண்டி இருபத்திரண்டு ஓடிச்சு. மீதி எட்டு மைல் எங்கே போச்சு?"

தசரதன் காக்கித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அதத்தான் நானும் தேடிகினு கீறேன், எசமான்."

"தேடறியா? மைல் என்ன கீழே விழுந்த மூக்குத்தியா, குனிஞ்சு தேடறதுக்கு?"

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வந்ததும் அம்பத்தூரில் கார் வைத்திருந்த நாலு பேரில் மூன்று பேர் தங்கள் வண்டிகளைக் கட்டையின்மேல் ஏற்றித் துணி போர்த்திவிட்டார்கள். முதலியார் மட்டும் விடாமல் ஓட்டினார். பூந்தமல்லிக் கோர்ட்டில் அவருக்கு ஒரு வரப்புத் தகராறு நடந்துகொண்டிருந்தது. எதிராளி மாட்டு வண்டியில் வருகிறவன். வழக்கில் தோற்றாலும் தோற்கலாம், ஆனால் மாட்டு வண்டியில் போய்த் தோற்க முதலியாருக்கு மனமில்லை.

கொல்லைக் கதவருகே நின்றிருந்த அவர் மனைவி வடிவம்மாள் பரிந்து பேசினாள். "அவனை ஏன் கரிச்சுக் கொட்டறீங்க? வண்டிக்கு வயசாயிடுச்சு. எனக்கும்தான் வயசாகுது. நான் என்ன முன்ன மாதிரியா நடக்கறேன்?"

"நீ என்ன பெட்ரோலா குடிக்கிறே? பேசாம உள்ளே போ."

வடிவம்மாள் உள்ளே போனாள்.

"டேய் தசரதா, நல்லாக் கேட்டுக்க. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்ப்பேன். கேலனுக்கு இருபது வரணும். வரலேன்னா, தொப்பியை அந்த ஆணியிலே மாட்டிட்டு நடையைக் கட்டு. சும்மாவும் அனுப்ப மாட்டேன். பெட்ரோல் திருடன்னு பாடியிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் சொல்லி வச்சுடுவேன். அப்புறம் எவன் உன் கையிலே வண்டியைக் குடுக்கறான்னு பார்க்கிறேன்."

தசரதன் கக்கத்தில் இருந்த தொப்பியை இறுக்கிக்கொண்டான். தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் சேறு மிதித்த குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவன். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் அவனுடைய மாமனார்கூட "வாங்க" என்பார். முதலியாரின் பெட்ரோலில் ஒரு சொட்டைக்கூட அவன் எடுத்ததில்லை. ஆனால் அந்த எட்டு மைல் எங்கே போனது என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் நாகம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"நெசத்த சொல்லுய்யா. எடுத்தியா?"

"நீயுமாடி?"

"கோச்சுக்காத. எடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு மாங்கா திருடினாக்கூட ஊரு பூரா சொல்லிகினு வர்ற ஆளு நீ." நாகம்மாள் சற்று யோசித்தாள். "அப்போ யாருதான் குடிக்கிறது?"

"வண்டிதான் குடிக்குது. அதுக்கு வவுத்துல இன்னாவோ கோளாறு."

"கோளாறுன்னா வைத்தியம் பாரு. எங்கிட்ட வந்து ஒக்காந்துகினா?"

வைத்தியம் திங்கட்கிழமையே கிடைத்தது. முதலியார் பூந்தமல்லியில் வக்கீல் வீட்டுக்குள் போயிருந்தார். வெளியே புளிய மரத்தடியில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவன் விரித்த துணியின்மேல் தகர டப்பிகளை அடுக்கிவைத்துக் கூவிக்கொண்டிருந்தான். அவன் பெயர் லோகநாதன் என்று டப்பி ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்தது. ஒரு பக்கம் பல்பொடி, ஒரு பக்கம் சொறி சிரங்குக்குக் களிம்பு, நடுவில் 'மைல் விருத்தி மாத்திரை'.

"அண்ணாத்தே, டிரைவரு அண்ணாத்தே! மனுசனுக்கு லேகியம் கீது, மாட்டுக்கு மருந்து கீது. மோட்டாரு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

தசரதன் நின்றான். "மோட்டாருக்கு இன்னா மருந்து?"

"பெட்ரோல் டாங்க்ல ஒண்ணு போடு, கேலனுக்கு மூணு மைல் கூட ஓடும். ரெண்டு போட்டா ஆறு."

"நாலு போட்டா?"

லோகநாதன் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நாலுக்கு மேல போடாத. அப்பறம் பிரேக்கு புடிக்காது."

தசரதன் ஒரு மாத்திரையை எடுத்து முகர்ந்தான். "கற்பூர வாசன வருதே?"

"பின்ன? சக்தி கீற எடத்துல வாசன இல்லாம இருக்குமா?"

டப்பியில் இருபத்திரண்டு மாத்திரைகள் இருந்தன. பீடிக்கு வைத்திருந்த காசு அத்தனையும் போயிற்று. இருபத்திரண்டு மைல் ஓடிய வண்டிக்கு இருபத்திரண்டு மாத்திரை என்பது தசரதனுக்கு நல்ல சகுனமாகப் பட்டது. அன்றைக்கே நாலை டாங்கில் போட்டான். முதலியாரிடம் சொல்லவில்லை. மைல் ஏறிய பிறகு சொல்லி, ஆச்சரியப்பட வைக்கலாம் என்று இருந்தான்.

ஆச்சரியம் மறுநாளே வந்தது. வழக்கு வாய்தா. ஆடிச் செவ்வாய்.

திருவேற்காட்டில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. தசரதன் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஹேண்டில் போட்டுச் சுழற்றி உயிர்ப்பிக்க அரைமணி ஆகும். பின்பக்கக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை கமகமவென்று கிளம்பியது.

கூழ்ப் பானையோடு போன ஒரு பெண்பிள்ளை சட்டென்று நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். பானையை இறக்கி வைத்தாள். குழாய் அருகே குனிந்து, புகையை இரண்டு கையாலும் வாரிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் வண்டிக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. தீபாராதனைத் தட்டை நீட்டினால் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு வருவார்களோ அப்படி வந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிப் புகையில் காட்டினார்கள். ஒருவன் குழாயின்கீழ் தட்டை வைத்து, தட்டில் திருநீறும் வைத்தான்.

"என்னடா கூட்டம்? நேரமாகுது, ஓட்டு!" என்றார் முதலியார்.

"எப்பிடி எசமான் ஓட்டறது? முன்னாடி அம்மன் நிக்குது."

உண்மைதான். முனியம்மா என்று கூட்டம் கூவிய ஒருத்தி கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வண்டியின் மூக்கெதிரே ஆடிக்கொண்டிருந்தாள்.

"தேர்ல வந்தேண்டா, சப்பரத்துல வந்தேண்டா! இப்போ மோட்டார்ல வந்துகீறேண்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள். முதலியாரின் கழுத்தில் வேப்பிலை மாலை விழுந்தது. மடியில் எலுமிச்சம்பழங்கள் விழுந்தன. "நான் கோர்ட்டுக்குப் போகணும்" என்று அவர் மூன்று முறை சொன்னார். "அம்மனுக்கு எதுக்கு எசமான் கோர்ட்டு? தீர்ப்பு சொல்றதே அதானே!" என்று கூட்டத்தில் யாரோ பதில் சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடியது. பூந்தமல்லிக்குப் போய்ச் சேர்ந்தபோது வழக்கை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துத் தள்ளுபடி செய்திருந்தார்கள். எதிராளி மாட்டு வண்டியில் சரியான நேரத்துக்கு வந்திருந்தான். போகும்போது முதலியாருக்கு ஒரு கும்பிடும் போட்டான். அந்தக் கும்பிடுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

அன்று மாலை கொட்டகைச் சுவரில் பதினாலுக்குக் கீழே பன்னிரண்டு ஏறியது.

மறுநாள், முதலியார் பகல் தூக்கத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, தசரதன் பாடிக்குப் போனான். அங்கே லாரி மெக்கானிக் துலுக்கானம் அவனுக்கு நெடுநாள் சிநேகம். துலுக்கானம் கதை முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமே, வாய்க்கு மருந்து ஊத்துன, சரி. வவுறு கீதே, அத்த பாத்தியா? எஞ்சின் ஆயிலு தண்ணியாப் பூட்டிருக்கும். உள்ள இரும்பும் இரும்பும் ஒராயுது. அதான் பெட்ரோலு மொடாக்குடி குடிக்குது."

"இன்னா பண்ணணுங்கற?"

"ஆயிலோட ஒரு படி வெளக்கெண்ண ஊத்து. சீமையில ரேஸு ஓட்றவன்லாம் அதான் ஊத்தறான். வண்டி வயிக்கிகினு போவும் பாரு."

"கற்பூர வாசன போவுமா?"

"வெளக்கெண்ண முன்னாடி எந்த வாசன மாமே நிக்கும்?"

அந்த ஒரு விஷயத்தில் துலுக்கானம் சொன்னது முழுக்க முழுக்க உண்மை.

வியாழக்கிழமை, தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட முதலியார் கிளம்பினார். வழக்கமாகக் கார் தெருவில் இறங்கினால் பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். அன்றும் ஓடிவந்தார்கள். புகை முகத்தில் அடித்தது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினார்கள். மாதம் ஒரு தரம் விடியற்காலையில் கை காலைப் பிடித்து அமுக்கி விளக்கெண்ணெய் புகட்டுகிற தாய்மார்கள் நிறைந்த ஊர் அது. ஒரு பையன் பூவரச மரத்தில் ஏறி, "நான் நேத்தே குடிச்சிட்டேன்!" என்று அழுதான்.

முதலியாரும் ஒரு காலத்தில் பையனாக இருந்தவர்தானே. அயனம்பாக்கம் ஏரிக்கரை வந்ததும் அவர் முகம் மாறியது.

"தசரதா... வண்டியை நிறுத்து."

"இன்னா எசமான்?"

"கேள்வி கேட்காதே. நிறுத்து! எஞ்சினை மட்டும் நிறுத்தாதே, நான் வந்ததும் உடனே போகணும்."

அவர் ஒரு கள்ளிப் புதரை நோக்கி விரைந்தார். வந்து ஏறினார். அரை மைல் தாண்டியது. "நிறுத்து!" மறுபடி ஒரு புதர். ஐம்பது வருஷத்துக்கு முன் அவருடைய தகப்பனார் புகட்டிய எண்ணெய் எல்லாம், வெறும் வாசனை பட்டே, இன்றைக்கு வேலை செய்யக் கிளம்பிவிட்டது. ஐந்தாவது புதரிலிருந்து திரும்பியபோது அவர் கம்பீரம் முழுவதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்போலத் தெரிந்தார்.

"வீட்டுக்குத் திருப்பு."

"மனு?"

"நாளைக்கு."

சுவரில் பத்து ஏறியது.

அன்று இரவு தசரதனுக்குச் சோறு இறங்கவில்லை. நாகம்மாள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"சொல்றேன்னு கோச்சுக்காத. நீ வைத்தியம் பாக்கறதுக்கு முன்னாடி பதினாலு ஓடிச்சு. நீ ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்தாலே போதும்போல கீது."

"சனிக்கெயம இருபது வரணும்டி! இல்லாங்காட்டி நான் பெட்ரோல் திருடன்."

"இனிமே இன்னா பண்ணப் போற?"

"மீதி பதினெட்டு மாத்திர கீது."

"பிரேக்கு புடிக்காதுன்னு சொன்னானே?"

"எனக்கு இப்போ வண்டி நிக்கிறதா முக்கியம்? ஓடணும்!"

வெள்ளிக்கிழமை காலை பதினெட்டையும் டாங்கில் போட்டான். பிரேக் என்னவோ எப்போதும்போலப் பிடித்தது. விளக்கெண்ணெயும் கற்பூரமும் கலந்து, கோயிலுக்குள் பிரசவம் நடப்பது போன்ற ஒரு புது வாசனை எழுந்தது. முதலியார் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். திரும்பும் வழியில்தான் திருவேற்காடு காத்திருந்தது.

உண்மையாகவே காத்திருந்தது. மோட்டார் அம்மன் வெள்ளிக்கிழமையும் வருவாள் என்று முனியம்மா வாக்குச் சொல்லியிருந்தாளாம். சாலையின் இரண்டு பக்கமும் பம்பையும் உடுக்கையுமாகக் கூட்டம். நடுவில் தேர்வடம் போன்ற தடித்த கயிற்றோடு இருபது பேர்.

கூட்டத்தில் மீசை பெரிதாக இருந்த ஒருவன் முன்னால் வந்தான். "எஞ்சின நிறுத்து நைனா. அம்மன் ஏறிகினு வர்ற வண்டிக்கு எதுக்குப் பெட்ரோலு? ஊடு வரைக்கும் நாங்க இஸ்துகினு வர்றோம்."

முதலியார் வாயைத் திறந்து திட்டப் போனார். அதற்குள் தசரதன் பின்பக்கம் திரும்பி, அவர் காதில் மெதுவாகச் சொன்னான்.

"எசமான், அஞ்சு மைலுக்கு ஒரு சொட்டு செலவில்ல."

முதலியாரின் முகத்தில் இருந்த கோபம் சிறிது சிறிதாகக் கரைந்து பக்தியாக மாறியது. "அம்மன் இஷ்டம்" என்றார். திருநீற்றுத் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அம்பத்தூர் வரைக்கும் வண்டி கயிற்றில் வந்தது. மைல் காட்டும் முள் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. தசரதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தொப்பியின்மேல் ஒரு மாலையோடு, இமைக்காமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் முதலியார் இரண்டு பக்கமும் திருநீறு வழங்கினார். எதிரே வந்த பட்டாளத்து லாரி ஒன்று ஓரங்கட்டி நின்று வழிவிட்டது.

கொட்டகைக்கு வந்ததும் முதலியார் மூங்கில் குச்சியை டாங்கில் விட்டு எடுத்தார். ஈரம் ஏறிய இடத்தில் கத்தியால் ஒரு கோடு கிழித்தார். விரல் விட்டு எண்ணினார். பிறகு தசரதனின் தோளில் தட்டினார்.

"இருபது தாண்டும்டா!"

"அப்போ சுவத்துல எயுதிடுங்க எசமான்."

"சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான். நாளைக்கு வண்டியை எடுக்கவேண்டாம். சாயங்காலம் நாலு பேர் பார்க்க அளந்து எழுதறேன். உன்னைத் திருடன்னு சொன்ன வாயாலேயே, யோக்கியன்னு சொல்றேன்."

சனிக்கிழமை மாலை தசரதன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். புருஷன் யோக்கியன் என்று முதலியார் வாயால் சொல்வதைக் கேட்க நாகம்மாளும் கூடவே வந்தாள். அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். வடிவம்மாள் கொல்லைக் கதவருகே நின்றாள். முதலியார் பகல் தூக்கம் கலைந்த முகத்தோடு வந்து, குச்சியை டாங்கில் விட்டு எடுத்தார்.

குச்சியைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். மறுபடி பார்த்தார்.

ஈரம், கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே நின்றது.

"என்னடா இது?"

தசரதன் குனிந்து வண்டியின் அடியில் தடவிப் பார்த்தான். தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ஓடற வண்டி குடிச்சா எஞ்சின் கோளாறும்பே. நேத்து ராத்திரியிலேர்ந்து இந்த வண்டி நகரவே இல்லையேடா! நின்ன வண்டி குடிக்குமா?"

"எசமான்..." தசரதன் காய்ந்த விரல்களைப் பார்த்தான். "மாத்திரதான் குடிச்சிருக்கும், எசமான்."

"மாத்திரையா? எந்த மாத்திரை?"

இனி மறைத்து என்ன பயன்? லோகநாதன், புளிய மரத்தடி, இருபத்திரண்டு மாத்திரை, துலுக்கானம், ஒரு படி விளக்கெண்ணெய் எல்லாவற்றையும் கொட்டினான். கேட்கக் கேட்க முதலியாரின் மீசை துடித்தது. தள்ளுபடியான வழக்கும் ஐந்து புதர்களும் வரிசையாக அவர் கண்முன் வந்து போயின.

"அந்த எண்ணெய் வாசனை... உன் வேலையா அது?"

"வண்டிக்கு நல்லதுன்னு சொன்னாங்கோ எசமான்."

"வண்டிக்கு நல்லதா? என் பெட்ரோலைத் திருடினது போதாதுன்னு என் மானத்தையும் ஏரிக்கரையிலே எடுத்துட்டியேடா! மாட்டு தொப்பியை!"

நாகம்மாள் குறுக்கே வந்தாள். "எசமான், எம் புருசன் மக்கு. நானே ஒத்துக்கறேன். ஆனா திருடன் இல்ல."

"நீங்க கொஞ்சம் பொறுங்களேன்" என்று வடிவம்மாளும் சொன்னாள். அவள் குரல் அன்றைக்கு என்னவோ கொஞ்சம் நடுங்கியது. "ஒரு நாலு விரற்கடை பெட்ரோலுக்காக..."

"நாலு விரற்கடையோ நாலு டாங்கோ, திருட்டு திருட்டுதான்! எவன் எடுத்திருந்தாலும் இந்த வீட்டிலே இனி ஒரு நிமிஷம் அவனுக்கு இடமில்லை. நாலு பேர் முன்னாடி சொல்றேன்!"

தசரதன் தொப்பியை ஒருமுறை தடவிப் பார்த்தான். ஆணியில் மாட்டினான். அது நேராக நிற்கவில்லை. திரும்ப எடுத்து நேராக மாட்டினான். நாகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு, தலையில் சலவை மூட்டையோடு வேம்புலியம்மாள் உள்ளே வந்தாள். வடிவம்மாள் கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள், கடைசியில் உதட்டைக்கூடக் கடித்துக் காட்டினாள். வேம்புலியம்மாள் மூட்டையை இறக்கி, பட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கார் மட்காட்டின்மேல் அடுக்கியபடியே வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்:

"அம்மா, பட்டு தோய்க்க வாரா வாரம் குட்த்தனுப்புவியே பெட்ரோலு, இன்னிக்கு மத்தியானம் குட்த்தது ரொம்ப ஒசத்திமா! சரிக கண்ணப் பறிக்குது, கற்பூர வாசன கமகமன்னு கீது, பூச்சிகூட கிட்ட வராது. இனிமே எனக்கு இதயே குட்த்துடு!"